அம்மாவைக் கேட்டு அடித்த கோல்

கொரியொலானோ என்று பெயர் வைத்தால் ஊர் சும்மா விடுமா? தன்னை விரட்டிய ரோம் மீது எதிரிப் படையோடு வந்து, தாய் அழுது கெஞ்சியதும் திரும்பிப் போன பழைய வீரனின் பெயர் அது. எங்கள் ஊர் கொல்லெஸ்பீனோவின் மாதா கோயில் நாடகத்தில், எர்சிலியா அத்தை ஒன்பது வருஷம் அந்தத் தாயாக அழுதவள். அதே பெயரைத் தன் மகனுக்கும் வைத்துவிட்டாள். அவன் காப்பி கேட்டால்கூட, "அம்மாகிட்ட கேட்டியாடா?" என்பார்கள்.

எங்கள் கால்பந்துக் குழுவின் தலைவர் கசாப்புக்கடை தெரென்சியோ. வயதாகிவிட்டது என்று கொரியொலானோவைக் குழுவிலிருந்து கழற்றிவிட்டார். அவன் நேரே பக்கத்து ஊர் வல்மோராவுக்கு ஆடப் போய்விட்டான்.

பருவத்தின் கடைசி ஞாயிறு காலை வல்மோராவோடு ஆட்டம். தோற்றால் நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். நான்தான் கோல்கீப்பர்.

சனிக்கிழமை தெரென்சியோ ஆட்டுக்குட்டித் தொடையோடு, என்னையும் இழுத்துக்கொண்டு, அத்தை வீட்டுக்குப் போனார்.

"நாடகத்துல அழுவீங்களே அக்கா, அதே மாதிரி நாளைக்கு மைதானத்துல ஒரு தடவை. உங்க பேச்சை அவன் தட்டமாட்டான்."

"கறி இளசா?"

"பால்குட்டி."

"வெச்சுட்டுப் போ. வர்றேன்."

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். யாரும் கோல் போடவில்லை. அப்போது வல்மோராவுக்குப் பெனால்டி கிடைத்தது. கொரியொலானோ பந்தை வைத்தான். என் முதுகுக்குப் பின்னால், வேலியோரம் அத்தை வந்து நின்றாள். மைதானம் அடங்கியது.

"டேய், அந்த நாடகத்துல அம்மா அழுததும் அவன் என்ன பண்ணுவான்?"

"திரும்பிப் போவான்."

"அப்புறம்?"

"கூட வந்தவங்களே அவனைக் கொன்னுடுவாங்க."

"ஒன்பது வருஷம் அழுது அழுது அவனைச் சாகடிச்சேன். போதும். நல்லா உதை." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஃபாவுஸ்தோ, நீயும் ஒழுங்கா பாயி. விட்டுக்கொடுத்தே, மத்தியானம் உனக்குக் கறி கிடையாது."

முழு மூச்சாகப் பாய்ந்தேன். நான் வலது பக்கம், பந்து இடது பக்கம்.

அவன் துள்ளவில்லை. எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்துக் கைகூப்பினான்.

மத்தியானம் அத்தை வீட்டில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தபோது, தெரென்சியோ ஒயின் பாட்டிலோடு உள்ளே வந்தார்.

"ஆட்டமும் போச்சு, பிரிவும் போச்சு. கறியாவது கொஞ்சம் போடுங்க அக்கா."

அத்தை அவருக்கும் தட்டு வைத்தாள்.

மறுநாள் காப்பிக்கடையில் யாரோ வழக்கம்போல், "அம்மாகிட்ட கேட்டியாடா?" என்றார்கள்.

"கேட்டுட்டுத்தான் அடிச்சேன்" என்றான் கொரியொலானோ, சர்க்கரையைக் கலக்கியபடி.