இரண்டாம் கட்டத்தில் ஒரு பூட்டு

அந்த மருத்துவமனையில் எல்லாரும் அவளைச் சின்ன சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தேழு. பிரசவ வார்டில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு பெரிய சிஸ்டர் இருந்தார். அவர் ஓய்வுபெற்றுப் போய் எத்தனையோ வருடமாகியும் இவளுடைய பெயர் மட்டும் வளரவில்லை.

நோயாளிகளின் கோப்புகளையெல்லாம் கணினிக்கு மாற்றுவது என்று முடிவானபோது, எந்த மேசையில் யார் எதைப் பதிவது, எந்த வார்டு எப்போது மாறுவது என்று திட்டம் போடும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள்.

"இந்தக் கட்டடத்துல எந்தக் காகிதம் எந்தக் கதவு வழியாப் போகுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார் கண்காணிப்பாளர். அவள் ஒப்புக்கொண்டாள்.

பழைய சக்கர நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். உள்ளே இன்னும் ரப்பர் வாசனை இருந்தது. வெளியே, இரண்டு கட்டடங்களை இணைக்கும் நீளமான கண்ணாடி நடைபாதை. காலை வேளைகளில் பனிமூட்டம் கண்ணாடியில் வந்து சாய்ந்துகொள்ளும். ஆட்கள் வெள்ளையிலிருந்து வெளிப்பட்டு, சிறிது தூரம் நடந்து, மறுபடி வெள்ளைக்குள் கரைந்துபோவார்கள்.

அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். தினமும் ஏதாவது ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, அதன் பின்னாலேயே போவது. பிரித்துப் படிக்கமாட்டாள், போகிற இடத்துக்கெல்லாம் கூடவே போவாள். பதிவு மேசையில் அது காத்திருந்தால் அவளும் காத்திருப்பாள். தள்ளுவண்டியில் ஏறினால் வண்டியோடு நடப்பாள். லிஃப்டில் ஒருமுறை தவறிப்போய் மூன்று முறை மேலும் கீழும் போய்வந்த கோப்போடு, அவளும் போய்வந்தாள். இத்தனை வருடம் ஓட்டமும் நடையுமாகவே கழித்தவளுக்கு, ஒரு காகிதத்தின் வேகத்தில் நடப்பது தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. கால் தரையில் பாவுகிறதா என்றே சில சமயம் சந்தேகம் வரும். திரும்பி வந்து, சுவரில் ஒட்டிய நீளமான தாளில் அந்த வழியைப் பென்சிலால் வரைவாள். ஆறாவது வாரத்தில் சுவர் முழுக்கக் கோடுகள் ஓடின.

திட்டம் தயாரானது. ஒரே திங்கட்கிழமையில் நாற்பது மேசைகளும் ஒன்றாக மாறுவது. 'இனி எந்த மேசையில் பெயரைத் தட்டினாலும் எல்லாம் தெரியும்' என்று அவள் எழுதியிருந்த வரியைக் கூட்டத்தில் கண்காணிப்பாளர் இரண்டு முறை படித்தார். கை தட்டினார்கள். அவள் இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. கடைசியாக ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று பிரசவ வார்டுக்குப் போனாள். அங்கே பரிசோதனைக்கு வந்திருந்த ஒரு பெண்ணின் கோப்பு பதிவு மேசை வழியாக வரவில்லை. வார்டு சிஸ்டரின் மேசை இழுப்பறையிலிருந்து வந்தது. அந்தப் பெண்ணும் முன்வாசல் வழியாக வரவில்லை. சலவைக்கூடத்தை ஒட்டிய பின்படிகளில் ஏறி வந்திருந்தாள். ஏழாவது மாதம். தையல்காரி. கழுத்தில் அளவெடுக்கும் நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிட்டாள்.

கோப்பின் உள் அட்டையில் ஒரு துண்டுச்சீட்டு: 'முகவரி இதில் எழுத வேண்டாம். சிஸ்டரிடம் கேட்கவும்.'

"இது என்ன?" என்று கேட்டாள் சின்ன சிஸ்டர்.

வார்டு சிஸ்டர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எக்ஸ்ரே கவுண்டர்ல ஒருத்தர் இருக்காரே, எல்லாருக்கும் எழுந்து நாற்காலி போடுவாரே."

"ஆமா, நல்ல மனுஷன்."

"அந்த நல்ல மனுஷன் சம்சாரம்தான் இவ. போன வருஷம் கையை ஒடிச்சு விட்டுட்டாரு. கீழே விழுந்தேன்னு சொல்லி இங்கயேதான் கட்டுப்போட வந்தா. இப்ப எங்க இருக்கான்னு அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு, அன்னிக்குத்தான் வருவா."

"வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாமே."

"ரத்தக்கொதிப்பு எகிறிக்கிட்டு இருக்கு. இதைப் பார்க்கிற டாக்டர் இங்க மட்டும்தானே இருக்காங்க."

தையல்காரி திரைக்குப் பின்னாலிருந்து வந்து, இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சிறிய சட்டைக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். சின்ன சிஸ்டர் விரல்விட்டு எண்ணினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறே நாள். எக்ஸ்ரே கவுண்டரும் அந்த நாற்பது மேசைகளில் ஒன்று. அங்கே உட்கார்ந்து ஒரு பெயரைத் தட்டினால் போதும். எல்லாம் தெரியும். அவளே எழுதிய வரி.

நேராகக் கணினிப் பொறியாளரிடம் போனாள். அந்தப் பெண் மென்பொருள் கம்பெனியிலிருந்து வந்து, மூன்று மாதமாக அங்கேயே தங்கி வேலை பார்ப்பவள்.

"சிலரோட விவரத்தை எல்லாரும் பார்க்க முடியாதபடி பூட்டி வைக்க வழி இருக்காம்மா?"

"இருக்கு சிஸ்டர், ஆனா இரண்டாம் கட்டத்துலதான். இன்னும் நாலு மாசம் ஆகும்."

"முன்னாடியே வேணும்."

"எத்தனை பேருக்கு?"

"தெரியல. அது தெரியாததுதான் எனக்குப் பயமா இருக்கு."

பொறியாளர் அவளை உற்றுப் பார்த்தாள். ஆனால் யார் என்று கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் சின்ன சிஸ்டரின் கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டுநர். அவள் யார் பெயரும் இடமும் சொல்லாமல், ஒரு வேலையை நிறுத்தியாக வேண்டும், காரணத்தைச் சொல்ல முடியாது என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் எக்ஸ்ரே பிரிவின் தலைவரும் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் அரைமணியில் கட்டடம் முழுக்கப் பரவிவிடும்.

"என்னைக் கேட்டா, பிரேக்கை மிதிக்கணும்னு தோணினா மிதிச்சிடணும்" என்றார் அவர், காலரைத் திருப்பிப் போட்டபடி. "வண்டிக்குள்ள நாலு பேர் திட்டுவாங்க. ஏன்யா நிறுத்தினேன்னு கேப்பாங்க. வண்டி நின்னதுக்கு அப்புறம் திட்டுறவங்களை நான் பொருட்படுத்துறதே இல்ல."

"உங்களுக்கென்ன, தினமும் திட்டு வாங்கிப் பழக்கம்."

"வீட்டுலயும் பயிற்சி உண்டே" என்றார்.

வியாழக்கிழமை கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். "திட்டத்துல தப்பு இருக்கு. நான் பண்ணின தப்பு. திங்கட்கிழமை ஆரம்பிக்க வேண்டாம்."

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் அச்சாகிப் போயாச்சு. இப்ப வந்து சொல்றீங்க. என்ன தப்பு?"

"காகிதம் போற வழியைத்தான் வரைஞ்சேன் சார். யார் யார் பார்க்கலாம்னு யோசிக்கவே இல்ல. முதல்ல அது வரணும்."

"ஏதாவது ஒரு நோயாளி விஷயமா?"

அவள் எக்ஸ்ரே பிரிவின் தலைவர் இருந்த எதிர்வரிசையைப் பார்க்காமல், மேசையில் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எல்லா நோயாளிங்க விஷயமும்தான்."

அறையில் முணுமுணுப்பு எழுந்தது. இத்தனை வாரம் சுற்றிச் சுற்றி நடந்ததற்கு இதுதானா பலன் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அப்போது பொறியாளர் கையை உயர்த்தினாள். "ஆறு வாரம் கொடுத்தா பூட்டை முதல் கட்டத்துக்கே கொண்டுவந்துடலாம் சார். சிஸ்டர் சொல்றது நியாயம்தான்."

ஆறு வாரம் கிடைத்தது. ஆனால் திட்டப் பொறுப்பு அவளிடமிருந்து நிர்வாக அதிகாரிக்குப் போனது. அவளை வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். முகம் சுண்டிப்போய்த்தான் அந்த அறையை விட்டு வெளியே வந்தாள். சுவரிலிருந்த தாளைச் சுருட்டி எடுத்துக்கொள்ளக்கூட அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை தையல்காரியிடம் நடந்ததைச் சொன்னாள்.

"என் பேரைச் சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப தொடர்ந்து வரேன்" என்றாள் தையல்காரி. "சொல்லியிருந்தா இன்னியோட நின்னிருப்பேன்."

ஆறு வாரம் கழித்துக் கணினி வந்தது. முதல் நாள் ஆளாளுக்கு ஒரு விரலால் தட்டினார்கள். மூன்றாம் நாள் திட்டினார்கள். இரண்டாம் வாரத்தில் பழகிவிட்டார்கள். அந்த வாரம் ஒரு மதியம், வார்டு முழுவதும் தூங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரைகள் மூச்சு விடுவதுபோல மெல்ல உப்பி அடங்கின. பொறியாளர் சத்தம் போடாமல் வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"யார் எதைத் தேடினாங்கன்னு கணினி குறிச்சு வைக்கும் சிஸ்டர். எக்ஸ்ரே கவுண்டர்லேர்ந்து, பூட்டி வச்ச பேர் ஒண்ணையே பத்தொன்பது தடவை தேடியிருக்காங்க. காலையில வந்ததும் ஒண்ணு, கிளம்பும்போது ஒண்ணு."

சின்ன சிஸ்டர் தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தாள். "அவருக்கு என்ன தெரிஞ்சுது?"

"அப்படி ஒரு ஆளே இல்லைன்னு."

பிறகு பொறியாளர் அந்தத் தாளைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனாள். மறுநாளே அந்த மனிதரைக் கவுண்டரிலிருந்து எடுத்து, கட்டடத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லி, விசாரணை வைத்தார்கள்.

கண்காணிப்பாளர் வார்டுக்கு வந்து வாசலிலேயே நின்றார். "அன்னிக்கே என்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமே."

"உங்களை நம்பாம இல்ல சார். சொல்றதுக்கு அது என் விஷயம் இல்ல."

அவர் தலையை ஆட்டினார். "மறுபடி அந்த வேலைக்கு வரீங்களா?"

"ஒரு பிரசவம் பாக்கி இருக்கு. அது முடியட்டும்."

அது பதினோராம் நாள், பகல் பதினொன்றே காலுக்கு முடிந்தது. பெண் குழந்தை. தையல்காரியின் ரத்தக்கொதிப்பு மாலைக்குள் இறங்கிவிடும் என்றார் டாக்டர். சின்ன சிஸ்டர் கணினியைக் கட்டில் பக்கம் தள்ளிக்கொண்டு வந்து குழந்தையின் பதிவைத் திறந்தாள். எடை, நேரம், அழுத விதம் எல்லாம் கேட்டது. கடைசியில், இதை யார் யார் பார்க்கலாம் என்று கேட்டது.

"யார் பேரைப் போடட்டும்?"

தையல்காரி பாதி மயக்கத்தில், கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "நீங்க. டாக்டரம்மா. அப்புறம் என் தங்கச்சி."

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு. மத்ததை அவ வளர்ந்து சொல்லட்டும்."

சின்ன சிஸ்டர் மூன்று பெயர்களையும் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். பக்கத்தில் குழந்தை எதையோ உறிஞ்சுவதுபோல உதட்டைக் குவித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.