பதின்மூன்று தட்டு

கப்பலில் வேலை பார்க்கும்போதே வயிற்றுவலி என்று சுருண்டுவிட்ட என் வீட்டுக்காரர் பாஸ்கலை லிஸ்பன் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். குடலில் கட்டி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆபரேஷன், பிழைப்பது பாதிக்குப் பாதி என்று சொல்லி எனக்கு டிக்கெட் அனுப்பினார்கள். தூத்துக்குடியை விட்டால் உவரியையும் மதுரையையும் மட்டுமே பார்த்திருந்த நான் ஒற்றைப் பெட்டியோடு போய் இறங்கினேன். பெட்டியில் பாதி மசாலாப்பொடியும் புளியும்தான்.

விமானத்திலேயே உவரி அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். எங்கள் வீட்டு நேர்ச்சை இப்படி: பதின்மூன்று பேரை ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். அவர்கள் அத்தனை பேரும் சாப்பிட்டு முடிக்கும்வரை நேர்ந்தவள் வாயில் ஒரு பருக்கை படக்கூடாது. அந்தோணியார் திருநாள் ஜூன் பதின்மூன்று, அதனால் இந்தக் கணக்கு. ஊர் என்றால் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், நாற்பது பேர் வந்து நிற்பார்கள்.

இங்கே ஆளுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் நான் தங்கியிருந்த விடுதியில் என்னைத் தவிரப் பதினொரு பேர். சைக்கிளில் ஊர் சுற்றும் ஜெர்மன்காரர்கள், ஒரு பிரேசில் குடும்பம், கொரியாப் பெண்கள் இரண்டு பேர், கண் வைத்தியத்துக்கு வந்திருந்த மார்த்தா. மார்த்தா இந்த நாட்டுக்காரிதான், வடக்கே ஏதோ மலையூர், அறுபது தாண்டியிருக்கும், என்னைப் போலவே சிடுமூஞ்சி. விடுதிக்காரரையும் அவர் மனைவியையும் சேர்த்தால் கணக்குச் சரி. கதவு கதவாகத் தட்டி, தெரிந்த இங்கிலீஷில், செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்குச் சாப்பிட வாருங்கள் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

ஆபரேஷன் முடிந்ததும் போன் செய்கிறோம், அதுவரை வர வேண்டாம் என்றது ஆஸ்பத்திரி. மீன் கடையில் நம்மூர்ச் சாளை மாதிரியே இருந்தது. ஆய்ந்து கழுவி, புளி கரைத்து, டின்னில் விற்கிற தேங்காய்ப்பாலை ஊற்றிக் குழம்பு வைத்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது, கண் போனிலேயே இருந்தது.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். பரிமாறியும் ஆயிற்று. மார்த்தா விரலை நீட்டி எண்ணினாள், எழுந்துவிட்டாள். பதின்மூன்று பேர் ஒரே மேசையில் சாப்பிட்டால் வருஷத்துக்குள் ஒரு சாவு விழும், நான் உட்காரமாட்டேன் என்றாள்.

இன்றைக்கா இந்த வார்த்தை? அடுத்த நொடி கோபம் தலைக்கேறியது.

"அந்தோணியார் பொறந்த ஊருக்கு வந்து பதிமூணுக்குப் பயப்படுதியளே, வெக்கமா இல்ல?" என்று தமிழிலேயே கத்தினேன். அப்புறம் இங்கிலீஷில் எல்லாவற்றையும் கொட்டினேன், நேர்ச்சை, கட்டி, காலை எட்டு மணி, இன்னும் வராத போன். ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை.

மார்த்தா மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள், ஒரு வெறும் தட்டை வைத்தாள். நீ உட்காரு, சாப்பிட வேண்டாம், சும்மா உட்காரு என்றாள். சாப்பிடுகிறவர்கள் பதின்மூன்று, உட்கார்ந்தவர்கள் பதினான்கு. அவள் கணக்கும் தப்பவில்லை, என் கணக்கும் தப்பவில்லை. உட்கார்ந்தேன்.

ஜெர்மன்காரர்கள் வியர்க்க வியர்க்க மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒவ்வொரு தட்டாகக் காலியானது. இரண்டு மணிக்குப் போன் அடித்தது. எடுத்தால் மார்த்தாவின் பாஷை. அவளிடமே கொடுத்துவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாவி, ஏதாவது சொல்லேன் என்று உள்ளுக்குள் திட்டினேன்.

போனை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தாள். கட்டியை முழுசாக எடுத்துவிட்டார்கள், கண் விழித்துவிட்டாராம். விழித்ததும் அவர் கேட்டது, என் வீட்டுக்காரி சாப்பிட்டாளா என்றுதானாம்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மார்த்தா சோற்றுச் சட்டியை இழுத்து என் வெறும் தட்டில் அள்ளி வைத்தாள். அப்போதுதான் அவள் தட்டைப் பார்த்தேன். பாதிச் சோறு அப்படியே கிடந்தது, மீனைத் தொடவே இல்லை.

"மொதல்ல நீங்க சாப்புடுங்கக்கா," என்று அவள் தட்டைக் காட்டினேன்.

மார்த்தா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே அள்ளிச் சாப்பிட்டாள், முள்ளை ஓரமாக ஒதுக்கினாள், தட்டைச் சாய்த்து எனக்குக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் நான் சோற்றில் கை வைத்தேன்.