ஆண்டாளின் கல்யாணப் பதிவு

கலியமூர்த்தியும் நடராசனும் மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருசம் ஒன்றாக உப்பு வாரியவர்கள். மூத்தவரான நடராசனை "அண்ணே" என்றே கூப்பிட்டுப் பழகியவர் கலியமூர்த்தி. அந்த அண்ணன் மகன் மணிவண்ணனைத்தான் கட்டுவேன் என்று கலியமூர்த்தியின் மகள் சந்தியா ஒற்றைக்காலில் நின்றாள்.

"பங்காளி வூட்டுப் பையன் ஒனக்கு அண்ணன் மொறைடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அம்மா சாமுண்டீஸ்வரி. அவளுடைய ஒரே பிடி, பழைய சாவு ஒன்று. நடராசனின் தாத்தா செத்தபோது கலியமூர்த்தியின் தாத்தாதான் மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தாராம். பங்காளி இல்லாதவன் எதற்கு மொட்டை போடுகிறான்?

சந்தியா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கலியமூர்த்திக்கும் சோறு இறங்கவில்லை. தாத்தாக்கள் பிரெஞ்சுக்காரன் காலத்துப் புதுச்சேரியில் இருந்தவர்கள். அங்கே பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. 2005 மழையில் உப்புப் பாத்திகள் முழுகிக் கிடந்தன, வேலையும் இல்லை. கலியமூர்த்தியும் நடராசனும் பஸ் ஏறினார்கள்.

பதிவு அலுவலகத்தில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர் அமுதவல்லி. மூன்றாவது நடையில் அவர் விரல் ஒரு பழுத்த பக்கத்தில் நின்றது.

"நடராசன், இது ஒங்க தாத்தா கல்யாணங்க. 1919. பொண்ணு பேரு ஆண்டாள். மொத சாட்சி..." கலியமூர்த்தியை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க தாத்தா. பொண்ணோட அண்ணன்னு எழுதியிருக்குது."

"கூடப் பொறந்த அண்ணனாங்க?"

"ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா."

தாத்தாக்கள் மச்சான்கள் என்றால் பேரன்களும் மச்சான்கள்தான்; மணிவண்ணன் சந்தியாவுக்கு முறை மாப்பிள்ளை. ஆனாலும் வீட்டில் சாமுண்டீஸ்வரி கேட்பாளே. "அப்ப மொட்டை எதுக்குங்க போட்டாரு?"

அமுதவல்லி இன்னும் இரண்டு புத்தகம் புரட்டினார். "நடராசன், ஒங்க தாத்தா எறந்தது 1924. சாவை வந்து எழுதிக் குடுத்ததும் மச்சான்தான். ஒங்கப்பா பொறந்தது 1921."

நடராசன் துண்டால் மூக்கைச் சிந்தினார். "எங்க தாத்தாவுக்குக் கூடப் பொறந்தவன் எவனும் கெடையாது. மூணு வயசுப் புள்ள எங்கேந்து கொள்ளிச்சட்டி தூக்கும்? அதான் மச்சான் தூக்கியிருக்காரு."

திரும்பும் பஸ்ஸில் ஒரு சீட்டுதான் காலி. நடராசன் முந்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, கொஞ்சம்..."

"ஏம்பா, அண்ணேன்னா கல்யாணம் நின்னுடும்!"

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார். முப்பது வருசப் பழக்கம் வாயை விட்டுப் போக மறுத்தது.

"யோவ் மச்சான், நகந்து ஒக்காருய்யா."

நடராசன் சிரித்துக்கொண்டே பாதி சீட்டை விட்டார்.