மாடியில் கட்டாத தண்ணீர்

வேலுசாமி யாரிடமும் இறங்கிப் பேசுகிற ஆள் இல்லை. முப்பது வருஷம் திண்டுக்கல்லில் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை பார்த்தவர். அவர் கை வால்வைத் திருப்பினால்தான் அந்தத் தெருவில் குடம் நிறையும். அப்படிப்பட்டவர் ஓய்வுபெற்று, பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கச் செயலாளராகவும் ஆகிவிட்டால் சும்மா இருப்பாரா? பல் விளக்கும்போது குழாயை மூடச் சொல்லி மாடிப்படிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார். டியூப் போட்டுக் கார் கழுவியவர்களை வாசலில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அத்தனை வீட்டுக்காரர்களும் குழாயையும் மூடினார்கள், வாயையும் மூடினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மொட்டை மாடியின் தெற்கு மூலையில் இருந்த மழைநீர்க் குழாயை அவரே சிமெண்ட் வைத்து அடைத்தார். அந்தக் குழாய் தண்ணீரைத் தெருச் சாக்கடையில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தது. வடக்குப் பக்கக் குழாயோ கீழே இருக்கும் மழைநீர்த் தொட்டிக்குப் போகிறது. எல்லாத் தண்ணீரும் அந்த வழியாகவே போகட்டும், ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று நினைத்தார். நல்ல எண்ணம்தான், யார் இல்லை என்றார்கள்.

அடுத்த மழையிலேயே மொட்டை மாடிக்கு நேர் கீழே, மூன்றாவது மாடியில் கமர்ஜஹான் வீட்டுப் படுக்கையறை ஒழுக ஆரம்பித்தது.

கமர்ஜஹான் தனியாக இருக்கிறவர். தோல் வியாபாரம் செய்த கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் ஷாஹினா சென்னையில் இருக்கிறாள். கட்டடம் முடிந்து குலுக்கல் போட்டு வீடுகளைப் பிரித்தபோது கமர்ஜஹானுக்குத் தரைத்தளம் விழுந்தது, வேலுசாமிக்கு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வேலுசாமியின் மனைவி புவனேஸ்வரிக்கோ முழங்கால் தேய்மானம். "மாத்திக்கிருவோம்ணே. அண்ணி எப்பிடி அம்புட்டுப் படி ஏறுவாங்க?" என்று கமர்ஜஹான் தானாக வந்து சொன்னார். ஆக, ஒழுகுகிற அந்த வீடு நியாயமாகப் பார்த்தால் வேலுசாமிக்கு விழுந்த வீடு.

இந்த வருஷம் ஆவணியில் கமர்ஜஹான் அவரை மேலே கூப்பிட்டுக் கூரையைக் காட்டினார். கட்டிலுக்கு நேர் மேலே பூச்சு கறுத்து ஊறிப் போயிருந்தது.

"இந்த மழைக்கும் ஒழுகுச்சுன்னா ஷாஹினா என்னைய இங்க விட்டுவைக்க மாட்டாண்ணே. அவ வீட்ல எல்லாரும் தங்கமானவங்கதான். ஆனா அங்க நான் விருந்தாளி. இங்கதான் என் சாவி என் கையில இருக்கு."

"ஐப்பசிக்குள்ள சரி பண்ணிக் குடுத்துருவோம்மா. என்னைய நம்பு," என்றார் வேலுசாமி.

காண்ட்ராக்டர்கள் மூன்று பேரைக் கூப்பிட்டார். ஒருத்தர் வாரேன், வாரேன் என்று சொல்லி வரவே இல்லை, அவர் கதை நமக்கு வேண்டாம். அடுத்து வந்தவர் சிவபிரகாஷ். இன் பண்ணின சட்டை, கையில் டேப்லெட். மாடியைப் படம் பிடித்தார், அப்படியே வெள்ளை கோட்டிங் அடித்த மாதிரி படத்தை மாற்றிக் காட்டினார். மூணு நாள் வேலை, பத்து வருஷம் கேரண்டி கார்டு.

கடைசியாக இஞ்ஞாசி வந்தார். கொத்தனாராக இருந்து காண்ட்ராக்டர் ஆனவர். செருப்பைக் கழற்றிவிட்டு மாடி முழுக்க நடந்தார். தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கமர்ஜஹான் வீட்டுக்குள்ளும் போய்ச் செத்த நேரம் நின்றுவிட்டு வந்தார். பிறகு தெற்கு மூலையில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"தண்ணி போற வாட்டம் இந்தப் பக்கமால்ல இருக்கு. இத யாரு சார் அடைச்சது?"

"நாந்தேன். மழைத்தண்ணி வீணாகக் கூடாதுன்னு."

இஞ்ஞாசி அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "மூணு நாளைக்கு மாடியில தண்ணி கட்டிப் பாக்கணும் சார். எங்க நிக்குது, எங்க இறங்குதுன்னு தெரியாம நான் ரேட்டு சொல்ல மாட்டேன்," என்றார். அவர் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் வேலுசாமிக்குச் சுருக்கென்றது. தண்ணீரைப் பற்றித் தனக்கே ஒருத்தன் பாடம் எடுப்பதா?

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. இஞ்ஞாசியின் பெயர் வந்ததும் வேலுசாமி எழுந்தார்.

"குடிக்கிற தண்ணிக்கே நாம குழாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். அந்தாளு மாடியில லாரித் தண்ணிய ஊத்தி மூணு நாளைக்குக் கம்மாய் கட்டச் சொல்றாரு. மீனும் வாங்கி விட்டுருவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது இஞ்ஞாசியின் கதை முடிந்திருந்தது. அடைத்த குழாயைப் பற்றி வேலுசாமி மூச்சுவிடவில்லை. இஞ்ஞாசி சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அவர் மனசுக்குப் பட்டது. பட்டும் பேசவில்லை. பதினெட்டு வீட்டுக்கும் தண்ணீர்ச் சிக்கனம் சொன்ன மனுஷன், "நான் அடைச்சதாலதான் ஒழுகுதோ என்னமோ" என்று எந்த வாயால் சொல்வார்?

ஒழுகுவது கமர்ஜஹான் வீடு என்பதால் கடைசியாக அவரைக் கேட்டார்கள். அவர் வேலுசாமியை ஒரு தடவை பார்த்தார். "அண்ணன் என்ன சொல்றாங்களோ அதுதான்," என்றார்.

சிவபிரகாஷின் ஆட்கள் வந்தார்கள், மூன்றே நாளில் முடித்தார்கள். மாடி பால் ஊற்றின மாதிரி ஆனது. பெண்கள் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். கேரண்டி கார்டை வேலுசாமி பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில், கமர்ஜஹான் டீ போட எழுந்துபோன கொஞ்ச நேரத்தில், கட்டிலின் மேல் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. தலையணை இருந்த இடத்தில் ஒரு முறம் அளவுக்குச் சிமெண்ட் கிடந்தது. சிவபிரகாஷுக்குப் போன் போட்டால், தேங்குகிற தண்ணீருக்குக் கேரண்டி கிடையாது, கார்டிலேயே போட்டிருக்கிறது என்றார். பீரோவைத் திறந்து எடுத்துப் பார்த்தால், ஆமாம், போட்டிருந்தது.

மறுநாளே ஷாஹினா வந்துவிட்டாள். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது வேலுசாமிக்கு. கமர்ஜஹான் படியிறங்கி வந்து, புவனேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டிக்குத் தைலம் தேய்க்க மறந்துராதீங்க அண்ணி," என்றார். வேலுசாமியிடம் "வாரேண்ணே" என்றார். கார் போய்விட்டது.

அதற்குப் பிறகு வேலுசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இஞ்ஞாசியைத் தேடிப் போனார். இஞ்ஞாசி ஒன்றும் குத்திப் பேசவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேலுசாமியே இரண்டு லாரித் தண்ணீர் சொல்லி மாடிக்கு ஏற்றினார். குடியிருப்பில் ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது. மூன்று நாள் எதற்கு? ஒரு பொழுதுக்குள் தண்ணீர் முழுக்கத் தெற்கு மூலைக்குப் போய்த் தேங்கியது. அடைத்த குழாயை ஒட்டி இருந்த கீறலில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. கீழே கமர்ஜஹானின் கட்டில்.

இஞ்ஞாசி உளியை வைத்து நாலு அடி அடித்தார். சிமெண்ட் பெயர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மாடியில் தண்ணீர் இல்லை. கீறலை அடைத்து, மூலையில் பத்து ஓடு மாற்றி, அதே குழாயைத் திருப்பி மழைநீர்த் தொட்டிக்கே கொண்டுபோய் விட்டார். மொத்தம் இரண்டு நாள் வேலை.

அடுத்த மழையில் வேலுசாமி கமர்ஜஹான் விட்டுப்போன சாவியை எடுத்துக்கொண்டு போய் அந்த அறையில் அண்ணாந்து பார்த்தபடி ஒரு மணி நேரம் நின்றார். ஒரு சொட்டு இல்லை. படியிறங்கும்போதே சென்னைக்குப் போன் போட்டார்.

"ஒழுகலம்மா. சுத்தமா நின்னுருச்சு. நீ கிளம்பி வா."



"வித்தாச்சேண்ணே. ஒட்டன்சத்திரத்துல காய்கறி மண்டி வச்சிருக்கவங்க வாங்கியிருக்காங்க. முந்தாநேத்துதான் வந்து கையெழுத்துப் போட்டுட்டு அப்பிடியே திரும்பிட்டேன். வீட்டப் பாத்தா மனசு கேக்காதுன்னுதான் அங்கிட்டு வரல."

வேலுசாமி தன் வீட்டு வாசலில் நின்றுவிட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அந்த மூலைக் குழாய நாந்தேன் அடைச்சேன் தங்கச்சி. அதுதான் காரணம். அன்னைக்குக் கூட்டத்துல நான் சொல்லியிருக்கணும்."

"தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"இஞ்ஞாசி அன்னைக்கே என் ரூம்ல நின்னு சொல்லிட்டாரு. குழாய அடைச்சதுதான் வினைன்னு."

"அப்ப ஏம்மா அம்புட்டுப் பேரு முன்னாடி என் பக்கமே பேசுன?"

"அம்புட்டுப் பேரு முன்னாடிங்கிறதுனாலதான்ணே. உங்களப் போயி எப்பிடிச் சொல்றது? நாலு நாள் கழிச்சு நீங்களே மேல போயி அடைப்ப எடுத்து விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டு வேலுசாமி உள்ளே போனார். அடுப்படியில் புவனேஸ்வரி கால் நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கமருதானே பேசுனது? எப்ப வருதாம்?" என்று கேட்டார்.

வேலுசாமி, குலுக்கலில் கமர்ஜஹானுக்கு விழுந்த அந்த வீட்டில், எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.