பஞ்சுச் சுவர்

மெத்தைக்காரர் வீட்டுக் கட்டிலின் நடுவே ஒரு சுவர் இருந்தது. செங்கல் சுவர் இல்லை, பஞ்சுச் சுவர். மெத்தையோடு மெத்தையாகச் சேர்த்துத் தைத்தது. பஞ்சைத் திணித்துத் திணித்து அது வளர்ந்த வளர்த்தியில், மனைவி படுக்கும் பக்கம் விடிந்த பிறகு இவர் பக்கம் விடியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதன் உச்சியில் ஒரு பூனை குட்டி போட்டது. இரண்டு அந்தப் பக்கம் உருண்டன, இரண்டு இந்தப் பக்கம். வளர்ந்து தெருவில் சந்தித்தபோது, கூடப்பிறந்தவை என்று தெரியாமல் கட்டிப் புரண்டு சண்டை போட்டன. நம்பாதவர்கள் பூனைகளையே கேட்டுக்கொள்ளலாம்.

தொழிலில் மனிதர் கெட்டி. அவர் தைத்த மெத்தையில் படுத்த ஒரு மாப்பிள்ளை, தன் கல்யாண விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் எழுந்து வந்தார். சண்டைக்கு வந்த மாமனார் மெத்தையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவருக்குத் தன் கட்டிலில் மட்டும் தூக்கம் கிடையாது. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த வாரமே அந்தச் சுவரைத் தைத்துவிட்டார். மனைவிக்குத் தொற்று இல்லை; இனியும் வரக்கூடாது. இவருக்கு எப்படி வந்தது என்பதை இருவரும் பேசி, அழுது, ஓய்ந்துவிட்டார்கள். நமக்கு அதில் வேலையில்லை. கை நிறைய மாத்திரை விழுங்கிய காலம் போய், இப்போது நாளுக்கு ஒன்றே ஒன்று. உடம்பு தேறியது, பசி வந்தது, மூட்டை தூக்கும் தெம்பு வந்தது. அவள் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தாள். புரண்டு படுக்கும் சத்தம் கேட்கும். அவளைத் தொட்டுக்கொண்டு தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. தொடுவதோடு நிற்குமா என்பது அவருடைய பயம்.

இந்த முறையும் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து நர்ஸ் சிரித்த முகமாகச் சொன்னார்: "ஐயா, உங்க ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்கற அளவுக்கே இல்ல. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

மெத்தைக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர், சுவரை இன்னும் ஒரு முழம் உயர்த்தப் பஞ்சு மூட்டையை இழுத்துப் போட்டார்.

"கிறுக்கா உங்களுக்கு? நல்ல சேதிதானே சொல்லி அனுப்பினாங்க?" என்றாள் மனைவி.

"எது நல்ல சேதி? மெத்தைக்குள்ள ஊசி விழுந்து, தேடித் தேடிப் பாத்தும் கெடைக்கலன்னா, அதுல ஒன்னப் படுக்க விடுவேனா? கெடைச்ச ஊசி குத்தாது. கெடைக்காததுதான் குத்தும்."

அவள் பஞ்சு மூட்டையை ஓரமாகத் தள்ளினாள். செருப்பை மாட்டிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள்.

ஊசிக் கதையைக் கேட்டு நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஊசி உள்ளதான் இருக்கு ஐயா, பொய் சொல்ல மாட்டேன். அதான் மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கறோம். ஆனா மாத்திரை அத எழும்ப விடாம அமுக்கி வெச்சிருக்கு. இப்படியே இருக்கற வரைக்கும், நீங்க புருஷன் பொண்டாட்டியா சேந்து இருந்தாலும் அக்காவுக்குத் தொத்தாது. உங்கள மாதிரி எத்தனையோ ஜோடிங்கள வருஷக்கணக்கா கவனிச்சுப் பாத்தாச்சு. ஒருத்தருக்கும் தொத்தல."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும்."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சிஸ்டர்?" என்றாள் மனைவி.

"ஒவ்வொரு தடவையும் சந்தோஷமா போங்கன்னுதான் சொல்லி அனுப்பறேன். ஐயா எங்க போனாருன்னு எனக்கென்ன தெரியும்?"

சுவர் ஏன் வருஷா வருஷம் வளர்ந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. திரும்பிப் பார்த்தாள். மெத்தைக்காரர் மின்விசிறியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வீடு வந்ததும் கத்தரிக்கோலை அவர் கையில் கொடுத்தாள். "நீங்க கட்டினது. நீங்களே பிரிங்க."

தையலின் முடிச்சு அவள் பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தைத் தட்டுவதும் விரிப்பதும் அவள்தான். சுவர் எழுந்த நாளிலிருந்து அவர் அங்கே கை வைத்ததில்லை. விரிப்பை விலக்கினார். கத்தரிக்கோல் அப்படியே நின்றுவிட்டது.

யார் எங்கே படுத்தார், எந்தப் பக்கம் திரும்பினார் என்பதையெல்லாம் எந்தப் பழைய மெத்தையும் அவரிடம் மறைத்துவிட முடியாது. அவள் பக்கத்து மெத்தையில் முக்கால்வாசி, தைத்து எடுத்து வந்த அன்றுபோலப் புதிதாக இருந்தது. சுவரை ஒட்டி மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம். சுவரும் அங்கே ஒரு தோள் அளவுக்கு உள்ளே போயிருந்தது.

"இவ்வளவு எடம் கெடக்கு. செவுத்தோட ஒட்டிக்கிட்டா படுத்த?"

"நீங்க எங்க படுத்தீங்களாம்?"

தன் பக்கத்துப் பள்ளம் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

பிரித்த பஞ்சு அறையை நிறைத்து, ஜன்னல் வழியே தெருவுக்கும் வழிந்தது. நாலு வீடு தள்ளி ஒருவர், பனி கொட்டுகிறது என்று கம்பளியைத் தேட ஆரம்பித்தார். கீழே அவருடைய மெத்தைக் கடையின் கதவை யாரோ தட்டினார்கள். இருவரும் குரல் கொடுக்கவில்லை.

அவள் படுத்தாள். அவரும் மெதுவாகச் சாய்ந்தார்.

"தள்ளிப் படுங்க" என்றாள்.

பழக்கதோஷம். அவர் ஓரத்துக்கு நகர்ந்தார். இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் தரையில் கிடந்திருப்பார்.

"ஐயோ, அந்தப் பக்கம் இல்லங்க. இந்தப் பக்கம்."