பேஸ்ட்டா, பேடா

...சூட்டை இழுக்கிற ரப்பர் பேடையே வைத்துவிடலாம், அளவாகக் கத்தரித்து இரண்டு பக்கத் தாளையும் உரித்து ஒட்டினால் தீர்ந்தது, அப்புறம் யாரும் திறந்து பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தபடியே இலக்கியா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, புராசஸரின் மேல் காய்ந்து கிடந்த, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டைத் துடைத்தாள். மரக்காணம் உப்பளத்து எடைமேடைக் கம்ப்யூட்டர், சூடேறிச் சூடேறி அணைந்துபோகிறதாம், லாரிகள் வெயிலில் காத்து நிற்கின்றனவாம். உப்பளக்காரர் கலியபெருமாள் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவில்லை, புருஷன் பாலகுரு செத்ததிலிருந்து அவளை யாருமே அவசரப்படுத்துவதில்லை... பஞ்சைக் கூடையில் போட்ட பிறகுதான் உறைத்தது, இந்தப் பேஸ்ட்டைத் தடவியவன் அவன், இரண்டு கோடைக்கு முன்னால், இந்த ரிப்பேர் கடையில், இதே மேசையில், விரலில் பாலிதீன் உறையை மாட்டிக்கொண்டு. துடைத்தாயிற்று. மனசுக்குள் ஏதாவது ஆகும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. பொம்மையார்பாளையத்தில் வேன் மோதிய புருஷனைக் கொண்டுவந்து கிடத்தியபோதும் இப்படித்தானே, ஊரே அழுதது, இவள் அவன் சட்டைப்பையிலிருந்த ஸ்க்ரூக்களை எடுத்து டப்பாவில் போட்டாள், இது என்ன மனசு?

அவனுக்குப் பேட் பிடிக்காது. புராசஸரு, அதுமேல ஒக்கார்ற தகடு, ரெண்டு உலோகமும் வழவழன்னுதான் தெரியும், நடுவுல கண்ணுக்குத் தெரியாத பள்ளம் இருக்குது, அதுல காத்து ஒக்காந்துக்கும், பேஸ்ட்டுதான் உள்ள எறங்கும் என்பான். ஆனால் பேஸ்ட் காயும், மறுபடி திறந்து துடைத்துத் தடவ ஆள் வேண்டும். பேடுக்கு ஆள் வேண்டாம், சூட்டை அவ்வளவாக இழுக்காது, இருந்தாலும் ஒப்பேற்றிவிடும். கடையை மூடிவிட்டுப் போகிறவள் பேட் வைப்பதுதானே முறை? வானூரில் உரக்கடையில் அவளுக்கு வேலை பார்த்து வைத்திருப்பதாக அண்ணன் சகாதேவன் சொன்னான், சாமான்களை ஏற்ற ஞாயிற்றுக்கிழமை மினி லாரியோடு வருகிறான், தலையாட்டினாள், இப்போதெல்லாம் எல்லோருக்கும் தலையாட்டுகிறாள்... பேடை எடுக்கத்தான் கையை நீட்டினாள், கை பேஸ்ட் டியூபை எடுத்தது. பச்சைப்பயறு அளவு பிதுக்கி, மெல்லப் பரப்பி, அலுமினியத் தகடுகள் கொண்ட ஹீட்சிங்க்கை அதன்மேல் உட்கார வைத்துக் கொக்கிகளை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. வெகுநேரம் பார்த்தார்கள், அணையவில்லை.

"இனிமே நிக்காதாம்மா?" என்றார் கலியபெருமாள்.

"இப்ப நிக்காதுங்க. பேஸ்ட்டு காயும், ரெண்டு கோடை போனா கொண்டாங்க, தொடச்சிட்டு வேற வெச்சித் தரேன்."

அவர் சரியென்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவள் நின்றுகொண்டே இருந்தாள்... இரண்டு கோடையா, யார் சொன்னது அதை? அண்ணனிடம் சரியென்று தலையாட்டியவளும் நான்தான், இதைச் சொன்னவளும் நான்தான், இதில் எவள் பொய்? அவரைக் கூப்பிட்டு, அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும், இன்னும் தெருமுனையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார், வாசல்வரை போனாள், அவர் முதுகு தெரிந்தது, கூப்பிட வாயைத் திறந்தாள், கூப்பிடவில்லை.