ரெஜினா அக்காவின் வாய்

நொச்சிக்குப்பத்து எஸ்தருக்கு ஏதோ வியாதி என்று முதலில் கண்டுபிடித்தவர்கள் அவளிடம் மீன் வாங்குகிறவர்கள்தான். ஒரு அம்மாள் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நேத்து மீனாட்டம் இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கினாள். பழைய எஸ்தரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் அந்த அம்மாளின் காது வீடு போய்ச் சேரும்வரை கொதித்திருக்கும். இப்போதோ, "இருக்கும்மா" என்றாள் எஸ்தர். காலையில்தான் படகிலிருந்து இறங்கிய மீன் அது.

தவக்காலத்தில் அவளுடைய அக்கா ரெஜினா செத்துப்போயிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் பலகை போட்டு மீன் விற்றார்கள். இருபத்தெட்டு வருஷமும் சண்டை. குடை நிழல் யார் பக்கம் என்பதற்கே தினம் ஒரு மணி நேரம் போகும். அக்கா போனதும் எஸ்தருக்குச் சண்டை போட வரவில்லை. சாப்பாடும் தூக்கமும் கூடவே போய்விட்டன.

மகள் ஜான்சிக்கு அடையாறில் ஒரு கிளினிக்கில் வேலை. அங்கே யாரோ சொன்னதைக் கேட்டு, ஒரு சனிக்கிழமை அம்மாவை ஆழ்வார்பேட்டையில் ஒரு மாடிக்கு இழுத்துப்போனாள். மனசு சரியில்லாதவர்களைப் படம் வரையவும் பொம்மை செய்யவும் வைத்தே தேற்றுகிற சாருலதா என்ற பெண்மணி அங்கே இருந்தாள்.

"இந்த வயசுல எனக்கு இன்னாத்துக்குடி பொம்ம?"

"சும்மா குந்திட்டு வாம்மா."

மேஜையில் பழைய சாக்ஸ், பொத்தான், நூல்கண்டு. பாதிப் பேர் குழந்தைகள். எஸ்தருக்கு எதிரே மயிலாப்பூர் வேம்பு; இதய ஆபரேஷன் ஆனவர், பேங்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊசியில் நூல் கோக்கத் தெரியாமல் தவித்து, ஒருவழியாக ஒரு பூனையைச் செய்து முடித்திருந்தார். எஸ்தர் ஒரு சாம்பல் சாக்ஸுக்கு இரண்டு பொத்தானைக் கண்ணாகத் தைத்தாள். வாய்க்குச் சிவப்புத் துணி வைத்தாள். அக்காவின் வாயில் எப்போதும் இருந்த வெற்றிலைச் சிவப்பு. கையில் மாட்டிப் பார்த்தபோது அவளுக்குத் திக்கென்றது.

"ரெண்டு பேரும் பொம்மையை வெச்சுப் பேசுங்களேன்" என்றாள் சாருலதா.

பூனை பயபக்தியோடு முன்னால் வந்தது. "நமஸ்காரம். எனக்கு ஒரு மீன் கிடைக்குமா? முள் இல்லாம... வாடையும் இல்லாம?"

சாக்ஸ் வாயைத் திறந்தது. "முள்ளும் இல்லாம வாடையும் இல்லாம வோணும்னா போய் கத்திரிக்கா வாங்கித் துன்னு, கய்தே! காலைல வந்து என் வியாபாரத்த கெடுக்கறே!"

அச்சு அசலாக ரெஜினாவின் குரல். குழந்தைகள் கெக்கலி கொட்டின. பூனை இரண்டடி பின்வாங்கியது. சாக்ஸ் அதோடு விடவில்லை. மெதுவாகத் திரும்பி எஸ்தரைப் பார்த்தது.

"இன்னாடி, வாயில கொழுக்கட்டையா? நல்ல மீன நேத்து மீனுன்றா, நீ சும்மா குந்தினுகீற?"

"நீ போய்ட்டல்ல? எவ கூட நான் மல்லுக்கட்றது?" என்றாள் எஸ்தர் தன் சொந்தக் குரலில். "கொடைய மட்டும் உன் பக்கமே சாய்ச்சு வெச்சுக்குவ! இப்ப மொத்த நெழலும் எனக்குத்தான். குந்த முடியலக்கா."

அழுகை வந்தது. சாருலதா குறுக்கே வரவில்லை. அழுதுகொண்டே எஸ்தர் அக்காவைக் கால் மணி நேரம் திட்டினாள், அக்காவும் சளைக்கவில்லை. முடிந்தபோது அவளுக்குப் பசித்தது. மேஜையில் எல்லோருக்குமாக வைத்திருந்த பிஸ்கட்டில் பாதியை அவளே தின்றாள்.

வெளியே பஸ் ஸ்டாப்பில் வேம்பு தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அடுத்த வாரமும் வருவேளோன்னோ? என்னை இன்னும் கொஞ்சம் நன்னா திட்டுங்கோ."

"இன்னா சார் சொல்றீங்க?"

"ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஆத்துல எல்லாரும் எங்கிட்ட ரகசியம் மாதிரி பேசிண்டிருக்கா. நாப்பது வருஷம் என்னை வாரிண்டிருந்த என் ஆத்துக்காரி விசாலாக்ஷி, இப்போ காபி கொட்டினாக்கூட 'பரவால்லைன்னா'ங்கறா. செத்துட்டேனோன்னு சந்தேகமா இருக்கு."

எஸ்தர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்குள் பஸ் வந்தது. வேம்பு ஒதுங்கி நின்று ஒவ்வொருவராக முன்னே ஏற விட்டார். கண்டக்டர் விசில் ஊதினார்.

"யோவ் சார்!" எஸ்தர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. "பஸ்ஸு இன்னா உன் மாமனார் வீட்டுதா, காத்துக்கினு நிக்க? ஏறுய்யா மொதல்ல!"

"இதோ, இதோ ஏறிட்டேன்!" என்று வேம்பு முகமெல்லாம் பல்லாகப் படியில் கால் வைத்தார்.